ஆத்தங்குடிக் கல்லைத் துணியில் கொண்டுவர எதில் வரைவது? கிராஃப் தாள், எக்செல், இங்க்ஸ்கேப், ஈக்யூ8

சொந்தமாக டிசைன் போட்டு குயில்ட் தைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக்கொண்டே ஒட்டுத்துணி வேலைக்கு வருகிற பெண்கள் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பதில் சொல்லும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். சாஃப்ட்வேரிடம் நமக்கு என்ன வேண்டும்? திரையில் ஒரு அழகான படமா, வெட்டும் அளவா? படம் போடுவது எல்லாக் கருவிக்கும் கைவந்த வேலை. எத்தனை துண்டு, என்ன அளவு, எந்தத் துணி, மொத்தம் எத்தனை மீட்டர் என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் ஒவ்வொன்றின் தரமும் தெரியவரும். நான் அதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை ஒட்டித் தைத்த துணி, நடுவில் பஞ்சு ஷீட்டோ பழைய வேட்டியோ, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல்தான் குயில்ட்டிங். நம் ஊர் வெயிலுக்கு நடுவில் நைந்த வேட்டி ஒன்றே போதும், பாலியெஸ்டர் ஷீட் போட்டால் ஏப்ரலில் யாரும் தொடமாட்டார்கள். சாஃப்ட்வேரின் வேலை எல்லாம் பெரும்பாலும் மேல் அடுக்கோடு முடிந்துவிடும். மேல் அடுக்கை ஒரே அளவுள்ள சதுரங்களாகப் பிரித்துத் தைப்பார்கள். அந்தச் சதுரத்துக்குப் பெயர் பிளாக்.

டிசைன் எங்கிருந்து வருகிறது

செட்டிநாட்டில் குயில்ட் தைக்கிறவருக்கு டிசைன் தேடி அலைய வேண்டியதில்லை. ஒன்று காலுக்குக் கீழே கிடக்கிறது, இன்னொன்று பெட்டிக்குள் மடித்து இருக்கிறது. தரையும் புடவையும். இந்த இரண்டில் எதிலிருந்து நீங்கள் தொடங்குகிறீர்களோ, அதைப் பொறுத்துக் கருவியும் மாறும்.

முதலில் தரை. ஆத்தங்குடிக் கல் என்பது காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற வண்ணத் தரைக்கல். அது செய்வதைப் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைக்கிறார்கள். அச்சுக்குள் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அடித்து நிரப்புகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறல். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் பளபளப்பாக வருகிறது. அந்த அச்சின் ஒவ்வொரு அறையும் குயில்ட்டில் ஒரு துண்டு. எட்டுக்கு எட்டு இன்ச் கல் என்றால் எட்டு இன்ச் பிளாக். நான்கு கல்லை மூலைக்கு மூலை திருப்பிப் போட்டால் நடுவில் ஒரு பூ விரிவது போல, நான்கு பிளாக்கைத் திருப்பித் தைத்தாலும் விரியும்.

ஆனால் எல்லாக் கல்லும் துணிக்கு வராது. நேர்கோட்டு நட்சத்திரமும் கட்டமும் உள்ள கல் நன்றாக வரும். இலையும் கொடியுமாக வளைந்து ஓடுகிற கல்லைத் துண்டு துண்டாக வெட்டித் தைக்கப் போனால் கை நொந்துவிடும். அதை அப்ளிக்காக, அதாவது மேலே வைத்து ஓரம் மடித்துத் தைப்பதுதான் சரி. இன்னொரு சங்கடமும் உண்டு. கல்லில் அரை இன்ச் அகலத்துக்கு ஒரு கோடு ஓடுகிறது என்றால், துணியில் அந்த அரை இன்ச்சுக்காக இரண்டு பக்கமும் தையலுக்கு விட வேண்டும். மூன்று நூல் வீதம் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) விட்டால் அரை இன்ச் தெரிய ஒன்றேகால் இன்ச் துணி வெட்டுகிறோம். அப்படி ஏழெட்டுக் கோடு உள்ள கல்லை எடுத்தால் போர்வையின் அடிப்பக்கம் முழுக்கத் தையல்மடிப்பாகத் தடித்துவிடும். கல்லை அப்படியே நகல் எடுக்காதீர்கள், அதன் எலும்புக்கூட்டை மட்டும் எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். டிசைன் உங்களுடையதாக ஆவதும் அந்த இடத்தில்தான்.

அடுத்து புடவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியின் அழகே அதன் பெரிய கட்டமும் அகலக் கரையும். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு. இங்கே நாம் கோடு போட வேண்டியதே இல்லை, கோடு துணியிலேயே இருக்கிறது. எந்தக் கட்டத்தை எங்கே வெட்டுவது என்பதுதான் டிசைன். இதில் திரை எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கிராஃப் தாள்

முதல் பிளாக்கைக் கிராஃப் தாளில்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு கட்டம் ஒரு இன்ச் என்று வைத்தால் எட்டுக் கட்டத்தில் பிளாக் முடிந்தது. செலவு இல்லை, மின்சாரம் வேண்டாம், யோசனை ஓடுகிற வேகத்துக்குக் கையும் ஓடும். முழுப் போர்வையில் இது எப்படித் தெரியும் என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு சின்ன முகக்கண்ணாடிகளை எல் வடிவில் நிறுத்தி, வரைந்த பிளாக்கின் மூலையில் வையுங்கள். நான்கு பிளாக் சேர்ந்த பூ கண்ணாடிக்குள் தெரியும். கண்ணாடியில் தெரிவது இடவலம் மாறிய பிம்பம், கல்லைத் திருப்பிப் போடுவது சுழற்சி. இரண்டும் ஒன்றல்ல. பிளாக் அதன் மூலைவிட்டத்தின் இரு புறமும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் இரண்டும் ஒரே பூவைக் காட்டும்.

தாளின் பலவீனம் நிறம். அரக்குக்குப் பதிலாகக் கறுப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் மறுபடியும் முதலிலிருந்து. வரைந்ததை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். கணக்கும் கையால்தான் போட வேண்டும், அதில்தான் பலர் சோர்ந்து போகிறார்கள்.

எக்செல்: யாரும் சொல்லாத நல்ல வழி

குயில்ட் சாஃப்ட்வேர் பட்டியல்களில் எக்செல் பெயர் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் சதுரமும் முக்கோணமும் மட்டும் உள்ள டிசைனுக்கு இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது. லிபரே ஆபீஸ் கால்க் இலவசம், கூகுள் ஷீட்ஸ் போனிலும் திறக்கும். எது இருந்தாலும் சரி.

செய்முறை இதுதான். வரிசை உயரத்தையும் பத்தி அகலத்தையும் சமமாக்கிக் கட்டங்களைச் சதுரமாக்குங்கள். ஒரு கட்டம் இரண்டு இன்ச் என்று கொள்வோம். தொட்டில் பிள்ளைக்கு 40க்கு 48 இன்ச் போர்வை என்றால் 20 பத்தி, 24 வரிசை, மொத்தம் 480 கட்டம். கட்டத்துக்குள் நேரடியாக நிறம் அடிக்காதீர்கள். எழுத்தைப் போடுங்கள்: அரக்குக்கு அ, மஞ்சளுக்கு ம, கறுப்புக்கு க. 'அ' இருந்தால் அரக்கு நிறம் காட்டு என்று கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் சொல்லிவிட்டால் நிறம் தானாக வரும். எழுத்தாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. கவுண்ட்இஃப் சூத்திரம் நிறத்தை எண்ணாது, எழுத்தை எண்ணும். எத்தனை அரக்குச் சதுரம், எத்தனை மஞ்சள் என்று பக்கத்திலேயே வந்துவிடும். பாதி அரக்கு, பாதி மஞ்சளாக உள்ள முக்கோணக் கட்டத்துக்கு 'அம' என்று எழுதுங்கள், அதையும் அது எண்ணும்.

முதல் பிளாக்கை மட்டும் கையால் நிரப்பி, மற்ற பிளாக்குகளின் கட்டங்களில் முதல் பிளாக்கின் கட்டத்தைச் சுட்டும் சூத்திரத்தைப் போட்டுவிட்டால், ஒன்றை மாற்றினால் எல்லா பிளாக்கும் மாறும்.

இப்போது ஒரு கணக்கை முழுதாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாக் கருவியையும் இதே கணக்கில்தான் உரசிப் பார்க்கப் போகிறோம். எட்டு இன்ச் பிளாக்கில் ஒரு நட்சத்திரம். நடுவில் நான்கு இன்ச் சதுரம் ஒன்று, நான்கு மூலையிலும் இரண்டு இன்ச் சதுரம், மீதி எட்டுக் கட்டமும் இரு நிற முக்கோணச் சோடி. 40க்கு 48 போர்வைக்கு 30 பிளாக். முக்கோணக் கட்டம் மொத்தம் 240. இரு நிறச் சதுரங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டத்தின் இரு புறமும் தைத்து, நடுவில் வெட்டினால் ஒரு சோடியிலிருந்து இரண்டு கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் 120 சதுரம் வெட்ட வேண்டும்.

என்ன அளவில்? வெளிநாட்டுக் குயில்ட் புத்தகங்கள் எல்லாம் தையலுக்குக் கால் இன்ச், அதாவது இரண்டு நூல் விடுகின்றன. அந்தக் கணக்கில் முடிந்த அளவோடு ஏழு நூல் கூட்ட வேண்டும். இரண்டு இன்ச் கட்டத்துக்கு இரண்டு இன்ச் ஏழு நூல். நம் கைத்தறித் துணி அவர்கள் நெருக்கமாக நெய்த பருத்தியைப் போல அல்ல, ஓரம் பிரியும். நான் மூன்று நூல் விடச் சொல்வேன். மூன்று நூல் விட்டால் கூட்ட வேண்டியது ஏழு நூல் அல்ல, ஒரு இன்ச்சும் இரண்டரை நூலும். முக்கோணத்தின் கூர்முனைக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்பதால், விடும் துணியைப் போல ஏறக்குறைய 3.41 மடங்கு கூட்ட வேண்டும். மூன்று இன்ச் இரண்டரை நூல் என்று அளப்பதைவிட மூன்றரை இன்ச்சாக வெட்டி, தைத்தபின் சீவிவிடுவது சுலபம்.

மூன்றரை இன்ச் சதுரம் 120-க்கு எவ்வளவு துணி? 44 இன்ச் பன்னா (துணியின் அகலம்) என்றால் ஓரம் போக 42 இன்ச், ஒரு பட்டையில் 12 சதுரம். பத்துப் பட்டை, 35 இன்ச் நீளம், ஒரு மீட்டருக்குள் அடங்கும். 36 பன்னா பாப்ளின் என்றால் ஓரம் போக 34 இன்ச், ஒரு பட்டையில் 9 சதுரம்தான். 14 பட்டை, 49 இன்ச், ஒன்றேகால் மீட்டர். ஒரே டிசைன், ஒரே எண்ணிக்கை, பன்னா மாறியதும் கால் மீட்டருக்கு மேல் வித்தியாசம். இந்தப் பன்னாவை நீங்களே கொடுத்துச் சூத்திரம் போட்டுக்கொள்ள முடிகிறது என்பதால்தான் எக்செலை இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன்.

வளைவு வராது, சாய்ந்த கோடு வராது, பார்க்கவும் அழகாக இருக்காது. அது உண்மைதான்.

இங்க்ஸ்கேப்

ஆத்தங்குடித் தரையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இங்க்ஸ்கேப். 2003-இலிருந்து இருக்கிற இலவச வரைகலைச் செயலி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். குயில்ட்டுக்காகச் செய்ததல்ல. அதனாலேயே உங்கள் கையை எந்தப் பிளாக் நூலகத்தின் பக்கமும் இழுக்காது.

தரையைப் போனில் படமெடுக்கும்போது கல்லுக்கு நேர் மேலே நின்று எடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் சதுரம் சரிவகமாகிவிடும். படத்தை உள்ளே கொண்டுவந்து ஒரு அடுக்கில் பூட்டி வைத்து, அதன் மேல் இன்னொரு அடுக்கில் கோடு போடுங்கள். பக்கத்தின் அலகை முதலிலேயே இன்ச்சுக்கு மாற்றிவிட வேண்டும்.

இதன் உயிர் 'டைல்டு குளோன்ஸ்' என்ற வசதியில் இருக்கிறது. ஒரு பிளாக்கை வரைந்துவிட்டு எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்று கொடுத்தால் முழுத் தரையும் விரியும். நேராக அடுக்கு, பாதி திருப்பு, கால் சுற்றுத் திருப்பு, கண்ணாடிப் பிம்பம் என்று ஒரு தளத்தை நிரப்பக்கூடிய 17 சமச்சீர் முறைகளும் பட்டியலாக இருக்கின்றன. கொத்தனார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். மூலப் பிளாக்கில் ஒரு கோட்டை நகர்த்தினால் எல்லா நகலும் கூடவே நகரும். ஒரே கல்லிலிருந்து எத்தனை தரை பிறக்கும் என்று அங்கே உட்கார்ந்து பார்ப்பது பெரிய சந்தோஷம்.

சிக்கலும் உண்டு. நகல் ஒன்றின் நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் மூலத்தில் அந்த நிறத்தை 'அன்செட்' என்று விட்டிருக்க வேண்டும். பல நிறமுள்ள பிளாக்கில் இது இடைஞ்சல்தான். இரண்டு மூன்று மூலப் பிளாக் வரைந்து கலந்து அடுக்குவது எளிது.

அளவில் ஒரு பொறி இருக்கிறது, கட்டாயம் கவனியுங்கள். எட்டு இன்ச் சதுரம் வரைந்திருப்பீர்கள், அளவுப் பெட்டி எட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். கோட்டின் தடிமனையும் சேர்த்துக் காட்டுகிற 'விஷுவல்' அளவு இயல்பாக வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அமைப்புக்குள் போய் அதை 'ஜியோமெட்ரிக்' என்று மாற்றிவிட்டால் கோட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கும். அதைச் செய்யாமல் வெட்டினால் துண்டுக்குத் துண்டு மயிரிழை கூடிக்கொண்டே போகும். மயிரிழை என்று விட முடியாத வேலை இது. நம் நட்சத்திர பிளாக்கில் மேல் வரிசைக்கு மூன்று தையல், நடு வரிசைக்கு இரண்டு. தையலுக்குத் தையல் ஒரு நூல் தின்றால் மேல் வரிசை மூன்று நூல் குறையும், நடு வரிசை இரண்டு நூல் குறையும். இரண்டையும் சேர்க்கும்போது முனை பொருந்தாது.

தையல் மார்ஜினை 'ஆஃப்செட்' வசதியால் போடலாம். துண்டைத் தேர்ந்து, மூன்று நூல் வெளியே என்று கொடுத்தால் வெட்டுக்கோடு வந்துவிடும். மூலை உருண்டையாக இல்லாமல் கூராக வரும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் எத்தனை துண்டு, எத்தனை மீட்டர் என்று இங்க்ஸ்கேப்புக்குச் சொல்லத் தெரியாது. அந்த வேலைக்கு எக்செலுக்குத்தான் திரும்ப வேண்டும். வரைகலைச் செயலியே தொட்டிராதவர்களுக்குப் பழக நாளாகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஈக்யூ8

குயில்ட்டுக்கென்றே பிறந்தது இது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் பவுலிங் கிரீன் ஊரில் இருக்கிற எலக்ட்ரிக் குயில்ட் நிறுவனம் 1991-இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது. எட்டாம் பதிப்பு 2017-இல் வந்தது. விண்டோஸ், மேக் கணினிகளில் ஓடும். போனிலும் டேப்லெட்டிலும் ஓடாது.

மற்ற எல்லாவற்றிலும் நாம் கையால் போடுகிற கணக்கை இது தானே போடுகிறது. பிளாக்கைத் தேர்ந்தால் வெட்டும் அளவுப் பட்டியல் வரும். அட்டைக்கான வடிவம் வேண்டுமா, மார்ஜினோடு அச்சிட்டுத் தரும். அந்த மார்ஜினை மூன்று நூலாக மாற்றிக் கொடுக்கலாம். பெரிய வடிவத்தைப் பல தாளில் பிரித்து அச்சிடும். போர்வை முழுக்க எந்தத் துணி எவ்வளவு என்று மதிப்பும் சொல்லும். நீங்கள் வைத்திருக்கிற துணியை ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றி, உண்மை அளவுக்குச் சுருக்கி, பிளாக்குக்குள் போட்டுப் பார்க்கலாம். கண்டாங்கிக் கட்டத்தை நட்சத்திரத்தின் நடுவில் வைத்தால் எப்படி இருக்கும் என்று வெட்டாமலே தெரிகிறது. அது பெரிய வரம்.

எனக்கு இரண்டு தயக்கம். முதலாவது விலை. 200 டாலருக்கு மேல், நம் பணத்தில் இருபதாயிரத்தை ஒட்டி. அதே பணத்தில் வீட்டு உபயோகத்துக்கு நல்லதொரு மோட்டார் மிஷின் வாங்கலாம். இரண்டாவது தயக்கம் எனக்கு அதைவிடப் பெரிது. இதன் நூலகத்தில் ஆயிரக்கணக்கான பிளாக் இருக்கிறது, பெரும்பாலும் அமெரிக்கக் குயில்ட் மரபில் வந்தவை. ஒஹாயோ ஸ்டார், லாக் கேபின் எல்லாம் அழகானவைதான். ஆனால் பட்டியலைத் திறந்தவுடன் கை அங்கே போய்விடுகிறது. அரக்கும் மஞ்சளும் போட்டு நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு செட்டிநாட்டுக் குயில்ட் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இதை வாங்கினால் நூலகத்தை மூடிவிட்டு, பிளாக் வரைகிற பலகைக்கு நேராகப் போங்கள். தரைப் படத்தை ஏற்றி அதன் மேல் வரையும் வசதி அங்கேயே இருக்கிறது. நேர்கோட்டுக்கு ஒரு வரையும் முறை, அப்ளிக்குக்கு வேறொன்று.

துணி மதிப்பு சொல்லும்போது இது துணியைக் கடையில் சுருட்டி வைத்த ரோலாக நினைத்துக்கொள்கிறது. பன்னாவை நம் கடைத் துணியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய புடவையில் வெட்டுகிறவர்களுக்கு அந்த மதிப்பு அவ்வளவாக உதவாது.

பிரவுசரிலேயே இயங்குகிற பிரீகுவில்ட் போன்றவை நிறம் மாற்றிப் பார்க்க வசதி, சொந்த பிளாக் வரைவதே நோக்கம் என்பவர்களுக்கு அது முதல் தேர்வு ஆகாது. ஏஐ-யிடம் "ஆத்தங்குடி குயில்ட்" என்று கேட்டால் கண்ணைப் பறிக்கிற படம் வரும். அதில் ஒரு மூலையில் இருக்கிற இதழ் அடுத்த மூலையில் இருக்காது, கோடு எங்கோ தொடங்கி எங்கோ கரையும். வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. நிற யோசனைக்கு மட்டும் பார்க்கலாம்.

புடவையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

பெட்டியிலிருந்து எடுத்த கண்டாங்கி என்றால் திரையை விடத் தரைதான் உதவும். பட்டாலைத் தரையில் புடவையை விரித்துப் போட்டு, எட்டு இன்ச் சதுரமாக நடுவில் ஓட்டை வெட்டிய அட்டையை அதன் மேல் நகர்த்துங்கள். ஓட்டைக்குள் எந்தக் கட்டம் எப்படி விழுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறியுங்கள். எங்கே நைந்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது, கைக்குத் தெரியும்.

தெரிந்த ஆச்சி ஒருவர் தம் புடவையைக் கொடுத்தபோது கேட்டேன். "ஆச்சி, குறுக்கே வெட்டிக்கிடட்டுமா?" என்றதும், "உடம்பை எப்படி வேணாலும் வெட்டிக்கங்க. கரையை மட்டும் முழுசா எடுத்து வைங்க, அதுதான் போர்வைக்கு வரம்பு" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சி சொன்னது அப்படியே பொருந்துகிறது. 40க்கு 48 நடுத்துணிக்கு நான்கு இன்ச் கரை வைத்தால் போர்வை 48க்கு 56 ஆகும். மூலையைச் சாய்வாகச் சேர்க்க நான்கு பக்கமும் வெளி அளவு முழுதாக வேண்டும், மொத்தம் 208 இன்ச். தையலுக்கு விட்டால் 211. ஐந்தரை மீட்டர் புடவையின் ஒரு கரை 216 இன்ச். ஒரே கரையில் போர்வையைச் சுற்றி முடித்துவிடலாம், மறு கரை அடுத்த போர்வைக்கு.

வெட்டும் முன் துவைத்துவிட வேண்டும். அரக்குச் சாயம் இறங்கி மஞ்சளில் ஏறினால் தைத்த உழைப்பு எல்லாம் போச்சு. அலசும் தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். நிறப் பொருத்தத்துக்கு ஒரு இலவசச் சோதனை: துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணுக்கு எடுப்பாகத் தெரிந்த அரக்கும் கரும்பச்சையும் அதில் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் நட்சத்திரம் எட்டி நின்று பார்க்கிறவர் கண்ணுக்குப் படாது.

டிசைனே போடாமல் தைக்கிற மரபும் நம் அண்டையில் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தியில் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். தாளும் இல்லை, திரையும் இல்லை. பிட்டுத் துணி நிறைய வைத்திருப்பவர்கள் அதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது

ஒரு விஷயம் முடிவையே மாற்றிவிடும்: நீங்கள் எதால் வெட்டுகிறீர்கள்? துணி வெட்டும் சுழல் கத்தியும் அதற்கு அடியில் போடும் பாயும் வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது அளவுப் பட்டியல், எக்செல் அதைத் தரும். கத்தரிக்கோலும் அட்டையுமாக வெட்டுகிறவர்களுக்கு வேண்டியது சரியான அளவில் அச்சான வடிவம், அதை இங்க்ஸ்கேப்பும் ஈக்யூ8-ம் தரும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று போர்வை, வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் என்றால் கிராஃப் தாளும் எக்செலும் போதும், வேறெதற்கும் பணம் கட்டாதீர்கள். தரை டிசைன்களில் இறங்க வேண்டும், சொந்தப் பாணி வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப் பழகுங்கள். அது எடுக்கிற நேரம் வீண் போகாது. ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு, "இதே டிசைன், பெரிய கட்டில் அளவில், நீலத்தில் காட்டுங்கள்" என்று கேட்கிற வாடிக்கையாளர் இருக்கிறவர்களுக்கு, ஈக்யூ8 போட்ட பணத்தை எடுத்துக்கொடுக்கும். அதில் அளவை மாற்றினால் வெட்டுக் கணக்கும் தானாகக் கூடவே மாறும். பணம் கட்டும் முன் சோதனைப் பதிப்பு இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் அதை ஒரு குஷன் கவரில் சோதியுங்கள். எட்டு இன்ச் பிளாக் நான்கைச் சேர்த்தால் 16 இன்ச், கடையில் கிடைக்கிற குஷனின் அளவு. நட்சத்திர பிளாக் என்றால் மிகப் பெரிய துண்டே நாலே முக்கால் இன்ச்தான், ஏ4 தாளில் அடங்கும். அப்ளிக் என்றால் முழு பிளாக்கும் ஒரே தாளில் வேண்டும். ஏ4-இன் அகலம் 8.27 இன்ச், மார்ஜினோடு எட்டே முக்கால் அதில் நிற்காது, ஜெராக்ஸ் கடையில் ஏ3 கேளுங்கள். வடிவத்தின் பக்கத்தில் ஒரு இன்ச் சதுரம் ஒன்றையும் வரைந்து அனுப்புங்கள். கடைக்காரர் 'ஃபிட் டு பேஜ்' என்று போட்டிருந்தால் அந்தச் சதுரத்தில் ஸ்கேலை வைத்ததும் தெரிந்துவிடும். 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.